எல்லாம் பச்சை

குத்தைசியில் இரவு மூன்றரை.
நாலாயிரத்து இருநூறு கருவிகள்,
எல்லாம் பச்சை.
காலணியைக் கழற்றிவிட்டு
மேசைமேல் கால் நீட்டுகிறாள் கெதெவான்.
இவ்வளவு பச்சையை
மே மாதத்து மலைச்சரிவில்கூடப் பார்த்ததில்லை.

தொலைபேசி.
ரியோனி ஆற்றோரம் ரொட்டி சுடும் வாஜா.
அட்டை இயந்திரத்தின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணாம்.
"செத்துக் கிடக்கிறது."
"இங்கே எல்லாம் சரியாக இருக்கிறதே."
"அங்கே இருக்கும்.
இங்கே மூன்று லாரிக்காரர்கள்
சூடான ரொட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப்
பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்."

அப்போதுதான் கண்ணில் பட்டது
திரையின் மூலைக் கடிகாரம்:
2:14.
கோடுகள் எல்லாம் அங்கேயே நின்றிருந்தன,
சொல்லவந்ததை மறந்தவன் வாய்போல.

எழுபத்தாறு நிமிடங்களாக
அவள் பார்த்துக்கொண்டிருந்தது
ஒரு புகைப்படம்.

கண்காணிக்கும் கணினியில்
எழுதி எழுதியே இடம் தீர்ந்துபோன வட்டு.
அது மூர்ச்சையான பிறகு
சம்த்ரேதியாவில் கேபிள் அறுந்ததை
யாரிடம் போய்ச் சொல்வது?

பழைய பதிவுகளை அழித்தாள்.
நாலேகாலுக்கு வந்தது முதல் சிவப்பு.
பிறகு பதினொன்று. நாற்பது. முந்நூறு.
"அப்பாடா" என்றாள்.

விடியுமுன் ஒரு விதி சேர்த்தாள்:
ஐந்து நிமிடம் எதுவும் பேசாவிட்டால்
அதையே அலறலாக எடுத்துக்கொள்.

லாரிக்காரர்கள் கடன் சொல்லிப் போய்விட்டார்களாம்.

அவசரத் தொடர்புப் பட்டியலின் அடியில்
வாஜாவின் எண்ணையும் போட்டாள்.
பதவி என்ற கட்டம்
காலியாக இருந்தால் சேமிக்க விடவில்லை.
கொஞ்சம் யோசித்து
'விழித்திருப்பவர்'
என்று நிரப்பினாள்.