எண்பதுக்கு மேல்

லித்கோவில் தூறல்.
மூன்று சார்ஜர்களில் ஒன்று பழுது,
ஒன்றில் நான்.
எண்பது வரை விறுவிறுவென ஏறியது.
எண்பத்தொன்றைத் தொடுவதற்குள்
கையிலிருந்த டீ ஆறிவிட்டது.

கடைசி இருபது இப்படித்தான் என்றார்
பக்கத்து வண்டிக்காரர்,
நாய்க்கு பிஸ்கட் உடைத்துப் போட்டபடி.
உள்ளே இடம் குறையக் குறைய
மெல்லத்தான் விடுமாம்.
தெரியும் என்றேன்.
அவர் பேட்டரியைத்தான் சொன்னார்.

டப்போவிலிருந்து இருட்டிலேயே கிளம்பினேன்.
நிரந்தர வசிப்புக்கு நெஞ்சுப் படம் வேண்டும்,
இங்கே தேதி இல்லை, சிட்னிக்குப் போ என்று கடிதம்.
மூன்று வருடமாக அதே டப்போவில்
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடலாம் என்று
ஊர் நெஞ்சையெல்லாம் படம் பிடிப்பவள் நான்.
என் நெஞ்சை நான் எடுத்தால் செல்லாது.

காரை வாங்கியது போன பங்குனியில்,
இங்கே இலை உதிரும்போது.
விற்றவர்கள் மரிடெஸ், பென்ஜி.
இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்.
விசா நீளவில்லை. ஒரு மாதத்துக்குள் கிளம்ப வேண்டும்.
சோபா, ரைஸ் குக்கர், கார் என்று
ஒரே தாளில் விலை எழுதி ஒட்டியிருந்தார்கள்.
குக்கரையும் எடுத்துக்கொண்டேன்.

வங்கியில் கிரேக் என்பவர்
என் விசா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
பேட்டரிக்கு உத்தரவாதம் இன்னும் ஆறு வருடம்.
எனக்கு இரண்டு வருடம், ஒரு மாதம்.
ஆகவே கடனுக்கு இரண்டே வருடம்.
தவணை வாடகையைத் தொட்டது.
கார் மட்டும் கப்பலில் வந்து இறங்கி,
ஒரு படிவம், ஒரு கட்டணம்,
மதியத்துக்குள் நம்பர் பிளேட் வாங்கி
இந்த ஊர்க்காரனாகியிருக்கும்.
பொறாமை என்று சொல்ல மாட்டேன்.

பொறாமைதான்.

சுவரில் சார்ஜர் மாட்ட வீட்டுக்காரர் விடவில்லை.
நீ எவ்வளவு நாள் இருப்பாய் என்றார்.
கேள்வி மாதிரி இல்லை அது.
சமையலறை ஜன்னல் வழியே ஒயரை விட்டு
இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறேன்.
இடுக்கில் எத்தனை துணி அடைத்தாலும்
குளிர் நுழைந்து
பாத்திரங்களோடு படுத்துக்கொள்கிறது.

படிவத்தில் பத்து வருட முகவரிகள் கேட்டிருந்தார்கள்.
ஒரு நாள் இடைவெளி இருக்கக் கூடாது.
பெரம்பலூர் விடுதி.
வேளச்சேரியில் ஐந்து பேர் இருந்த அறை,
கதவு எண் மறந்துவிட்டது.
மஸ்கட்டில் மருத்துவமனைக்குப் பின்னால் பெயரில்லாத தெரு.
இரண்டு வேலைகளுக்கு நடுவே பதினேழு நாள்
எங்கே இருந்தேன் என்று
எனக்கு நானே சாட்சி தேடினேன்.

காரும் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது.
அவர்கள் போன இடங்கள்:
தேவாலயம், மீன்கடை,
மிருகக்காட்சிசாலை நான்கு முறை,
குடியேற்ற வக்கீல் பதினொரு முறை.
பட்டியலின் தலையில், பாஹாய்.
ஏதோ கடை என்று நினைத்திருந்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுத்தினால்
கூட்டிப்போய் ஒரு பச்சைக் கதவின் முன் நிறுத்தி
வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது.
அவர்கள் மொழியில் வீடு.
வாசல் குழாயடியில் வேறு யாரோ
பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

அழித்துவிடலாம். ஒரு பொத்தான்தான்.

எண்பத்தாறு.
நாய் தூங்கிவிட்டது.
மலை இறங்கும்போது கொஞ்சம் திரும்ப வரும்,
பிரேக் பிடிக்கப் பிடிக்க ஏறும்
என்கிறார் அவர்.
போதும் என்று பிடுங்கினேன்.

திரையில் இரண்டு வரிகள்.
கிளினிக், நூற்று நாற்பது கிலோமீட்டர்.
பாஹாய், இருநூற்று ஐம்பது.
கிளினிக்கை அழுத்தினேன்.
வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.
ஒத்திகை மாதிரி
மூச்சை இழுத்தேன், பிடித்தேன்.
விடலாம் என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.