நொடிக்கொரு சொட்டு

தண்ணீரில் போட்டுத் தூக்கிப் போகக்கூடாது.
எல்லோரும் செய்கிற தப்பு அது.
நீர் குலுங்கும், கெடும், மூச்சு முட்டும்.
நத்தைக்கு வழிப்பயணத்தில் வேண்டியது
ஈரம் மட்டும்.

துடைதாளைத் தொட்டி நீரிலேயே நனைத்துப் பிழிந்து
ஒவ்வொன்றாய்ச் சுற்றினேன்,
ஆறு வரிக்குதிரை நத்தைகள்.
கண்ணாடியிலிருந்து பிடுங்கவில்லை.
பக்கவாட்டில் விரலால் நகர்த்தி
பிடி தளரும்வரை நின்றேன்.
ஒன்று தளரவேயில்லை.
அதற்காக ஒரு டிராமை விட்டேன்.

புது வீட்டுச் சொந்தக்காரி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறாள்:
மூன்றாம் மாடி, மரத்தரை,
நூற்றிருபது லிட்டர் ஆகாது.

ஒஸ்த்ராவாவில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
தயிர் டப்பாவை ஸ்வெட்டருக்குள் செருகி
கோட்டுப் பொத்தானை மேலே போட்டிருந்தேன்.
டிராமில் ஒரு பையன் என் வயிற்றைப் பார்த்து
சட்டென எழுந்து இடம் கொடுத்தான்.
எனக்கு ஐம்பத்தொன்று என்று சொல்ல வாயெடுத்தேன்;
சொல்லாமல் உட்கார்ந்துகொண்டேன்.

பொஹ்தான் குபெட்ஸ் கதவைத் திறந்தார்.
ரொட்டி ஆலையில் இரவுப் பணி,
தூங்கியெழுந்த முகம், புருவத்தில் மாவு.
"போட்டுவிட்டால் போதுமா?"
போதாது.
கிண்ணத்தில், நான் கொண்டுவந்த நீரில் இவை இருக்க,
காற்றுக்குழாயில் ஒரு முடிச்சிட்டு
உங்கள் தொட்டி நீரை
நொடிக்கொரு சொட்டாய் விடவேண்டும்.
"எவ்வளவு நேரம்?"
இரண்டு மணி.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் என் ஈரக் காலணியைப் பார்த்தேன்.

முன்பின் அறியாத இருவருக்கு
இரண்டு மணி நேரத்தின் நீளம்
சொட்டு எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.
முட்டைக்கோஸ் சூப்பைச் சூடுபண்ணினார்.
பேச வேறென்ன இருக்கிறது, மீன்கள்தான்:
"போன வருஷம் எல்லாவற்றுக்கும் வெள்ளைப்புள்ளி.
ஒரே மருந்து. மூன்றே நாள். பளிச்."

என் கரண்டி நின்றது.
என்ன மருந்து?

குனிந்து அலமாரியில் துழாவி
நீலப் புட்டியொன்றை எடுத்துவந்தார்,
பதக்கம் காட்டுகிற பெருமையோடு.
பொடியெழுத்தில் மூன்றாம் வரி: தாமிர சல்பேட்.

மீனுக்கு மருந்து;
ஓடு சுமக்கிற உயிருக்கு எமன்.
மணலில் ஊறி, மூலைப் பசையில் ஊறி
போன வருஷம் இன்னும்
அந்தத் தொட்டியிலேயே இருந்தது.

எழுந்து முடிச்சை இறுக்கினேன்.
எத்தனை சொட்டு விழுந்திருக்கும்?
நாலு கரண்டி. ஐந்து.
கிண்ணத்து நீரைக் கொட்டிவிட்டு
என் புட்டியில் மிச்சமிருந்ததை ஊற்றினேன்.

"கொன்றிருப்பேன்" என்றார்.
ஆறுதலாய் ஒரு வார்த்தை தேடினேன்.
அகப்பட்டது இதுதான்:
"பெரிய ஜாடி இருக்கிறதா?"

இருந்தது. வெள்ளரி ஊறுகாய் ஜாடி.
வினிகர் வாசம் போக நாலு முறை கழுவினார்,
சோப்புப் போடாமல்,
நான் சொல்லாமலே.

தூக்கிப் போடக்கூடாது இவற்றை.
மல்லாந்து விழுந்தால் புரளமாட்டாமல்
அப்படியே கிடந்து சாகிற ஜாதி.
பாதம் கீழே படும்படி ஒவ்வொன்றாய் வைத்தார்.
தினம் எண்ணூறு மாவுருண்டை வைக்கிற விரல்கள்,
என்னுடையதைவிடப் பதம்.

பிறகு, ஆறு சாத்திய கதவுகள்.
அவர் வேலைக்குக் கிளம்பவேண்டிய நேரம் வந்தது, போனது.
ஆலைக்குப் போன் செய்து
வீட்டில் ஒரு அவசரம் என்றார்.
பொய்யில்லை.

"வந்துவிட்டது!"
ஒரு கொம்பு. மயிரிழை.
அப்புறம் இன்னொன்று.
அவர்தான் எண்ணினார்: "ஏழு."
ஆறு, என்றேன்.
"ஏழு."

தாளின் மடிப்பில் ஒளிந்து வந்திருக்கிறது,
அரை மிளகு அளவு,
யாரும் காசு கொடுத்து வாங்காத குப்பை நத்தை.
பயணமும் தெரியாது, தாமிரமும் தெரியாது.
எல்லோருக்கும் முன்னால்
ஜாடியில் பாதி உயரம் ஏறியிருந்தது.

திரும்பும் டிராமில் டப்பா கைப்பையில்.
யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.