ஐந்தாம் எண்

பதினோரு வருஷம் இந்த முதுகுக்குப் பின்னால் நின்றேன்.
முகம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.
கோத்தகிரி பஸ் நிலையத்தில்
கம்பளிக் குல்லா போட்ட ஒருவர் கைகாட்டினார்.
யாரையோ என்று நினைத்தேன்.
திரும்பிக் கீரைக்காரிக்குச் சில்லறை கொடுத்தார்.
ஹாலன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில்
மின்வாரியம் எடுத்த ஸ்டாப்பர்.
காகிதத்தில் உதவியாளர்.
முப்பத்திரண்டில் இடது முட்டி போனதும்
"சம்பளம் வாங்கினியே, இப்ப ஏறு"
என்று கம்பத்தைக் காட்டினார்கள்.
மிச்சம் இருபத்தாறு வருஷமும் லைன்மேன்.
நவம்பரில் மண் சரிந்து
கம்பங்கள் தேயிலைக்குள் படுத்துக்கிடக்க,
ஒற்றை முட்டியோடு
மற்ற கம்பங்களில் ஏறியிருக்கிறான்.
"ஏறும்போது தெரியாதுடா.
இறங்கும்போதுதான்."

கோல் போட்டவன் பெயர் ஊருக்குத் தெரியும்.
தடுத்ததை யார் எண்ணுகிறார்கள்?
போட்டோக்களில் அவன்
பாதித் தோள், அல்லது ஒரு முழங்கை.
சேலத்தில் எவன் நெற்றியோ மோதி
இரண்டு பல் விழுந்தது.
பொறுக்கி என் கையுறைக்குள் போட்டுவிட்டு
"பந்து எங்கே?" என்றான்.
இன்று சிரித்தபோது
கட்டின பல் இரண்டு மட்டும் வெள்ளை.

பேப்பரில் ஒரே ஒரு முறை பெயர் வந்தது.
கோழிக்கோடு, அரையிறுதி, கடைசி நிமிஷம்.
சொந்தக் கோல்: ஹாலன்.

பந்து உயரே வந்தது.
என் பந்து.
"விடு" என்று நான் கத்தியிருக்க வேண்டும்.
விளக்கு கண்ணில் அடித்தது என்று பிறகு சொன்னேன்,
யாரும் கேட்காமலேயே.
வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.
முன்னால் நின்றவனுக்கு
முதுகில் கண் இல்லை. தலையால் தொட்டான்.
வலையின் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது.

அதைச் சொல்லத்தான் மேட்டுப்பாளையத்தில்
முதல் பஸ் பிடித்தேன்.
டீயில் வர்க்கி ஊறிக் கரைந்தது.
அவன் பீட்ரூட் விலை சொன்னான்.
மகள் குன்னூரில் நர்ஸ் என்றான்.
பென்ஷனில் பிடித்த முந்நூறு ரூபாய்க்காகப்
பத்து நிமிஷம் வாரியத்தைத் திட்டினான்.
"கோழிக்கோட்டில்..." என்று ஆரம்பித்தேன்.
"மீன் நல்லா இருக்கும்" என்றான்.

வீட்டுக்கு நூற்றுப்பத்துப் படி.
மேகம் இறங்கித் தேயிலையை மூடிவிட்டது.
வலது காலை வைத்து
இடதை இழுத்து
முன்னால் போகிறான்.
பாதியில் நின்றான்.
வளைவில் காட்டெருமை.
திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி
என்னை நிறுத்தினான்,
உள்ளங்கை தரையைப் பார்க்க,
கார்னர் பந்துக்கு நிறுத்துவானே, அப்படி.

அது எங்களைப் பார்த்தது.
ஒரு காதை ஆட்டியது.

"விடு, ஹாலா" என்றேன்.
கேட்டதா தெரியவில்லை.
முதுகு நகரவில்லை.