கல் நிறை கழிவு

சங்கானைச் சந்தைக்கு எதிரே, கூட்டுறவு வங்கியில்
அடைவுப் பகுதி என்னுடையது.
ஒரு தராசு, ஒரு உரைகல், இரண்டு குப்பி அமிலம்.
காற்றாடியை இரண்டுக்கு மேல் விடுவதில்லை,
தராசு நடுங்கும்.

இங்கே தங்கத்துக்குத் தங்கமென்று பெயரில்லை.
மஞ்சள் நிற உலோகம் என்று எழுதப் பழக்கினார்கள்.
மாணிக்கம் வந்தாலும் சிவப்புக் கல்,
போத்தல் உடைந்து வந்தாலும் சிவப்புக் கல்.
ஒருமுறை கோமேதகம் ஒன்றைத்
தேயிலைச்சாய நிறக் கல் என்று எழுதிவிட்டு
மத்தியானம் முழுக்க வெட்கமாக இருந்தேன்.
வைடூரியத்தின் உள்ளே
திரும்பத் திரும்ப விழித்துக்கொள்ளும் கோட்டுக்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.
அட்டியலின் வயிற்றில் அடைத்த அரக்கு,
பற்றவைத்த இடத்தில் ஒளிந்த செம்பு,
முத்து, பவளம், நூல், அழுக்கு
எல்லாம் கழிவு.

உரைப்பது என் தொழில்.
கல்லில் உரைக்கலாம்.
வாயால் உரைக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை, பூட்டுகிற நேரத்துக்குச் சற்று முன்
அவர் வந்தார்.
பனடோல் பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள்
ஏழுகல் தோடு, சோடி.

திருகாணியின் தண்டை உரைத்தேன்.
கோடு அமிலத்தில் அசையவில்லை.
இருபத்திரண்டு கரட், நல்ல பவுண்.
பிறகு கல்லில் மூச்சுவிட்டேன்.
வைரமென்றால் என் மூச்சை உடனே உதறியிருக்கும்.
பதினாலும் மங்கின.
மங்கினபடியே இருந்தன.

"என்ன பெயர், அக்கா?"
"பவளராணி."
எழுதினேன்.
பொருள்: மஞ்சள் நிற உலோகத் தோடு, சோடி ஒன்று.
வெள்ளைக் கல் பதினான்கு.

தலைகீழாகவே வாசித்தார்.
"வைரமெண்டு போடுங்கோ, தங்கச்சி."
"அப்பிடிப் போட ஏலாது அக்கா."
"ஏன்? என்ர பெயரிலை பவளம் எண்டு
உரைச்சுப் பாக்காமல்தானே எழுதினியள்?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பு வந்தது.
அந்தப் பக்கம் வரவில்லை.

"கண்ணாடிக் கல்லெண்டு எனக்குத் தெரியும்.
நான்தானே மாத்தினது.
முதல் நாலும் தம்பியின்ர வழக்குக்கு.
மிச்சம் பத்தையும் பற்றிக் கேளாதையுங்கோ.
ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு கடை,
கஸ்தூரியார் வீதியிலை ஒருத்தனுக்கும்
முழுக்கதை தெரியாது."

கைப்பையின் வாயை
மூடினார், திறந்தார்.

"மனுசன் வாற மாதம் கட்டாராலை வாறார்.
தோட்டைக் கண்டால் கல்லைப் பாப்பார்.
துண்டைக் கண்டால் துண்டை மட்டும்தான் பாப்பார்.
காசு எவ்வளவு தந்தாலும் சரி."

காசுக்காக நகை வைப்பவர்களை
நாலு வருடமாகக் கண்டிருக்கிறேன்.
துண்டுக்காக வைத்தவர் இவர்தான்.

தோட்டைத் திருப்பினேன்.
பின்புறம் மூடாமல் திறந்து விட்ட பழைய வேலை,
வெளிச்சம் உள்ளே போய்வரக்
கல்லுக்குக் கல் வாசல்.
கண்ணாடிக்காக எந்தத் தட்டானும்
இவ்வளவு மினக்கெட மாட்டான்.
கவ்வு நகங்கள் மட்டும்
புதிதாய் வளைந்திருந்தன, பதினாலு தரம்.

துண்டைக் கிழித்துப் போட்டேன்.
புதுத் துண்டில் எழுதினேன்:
மஞ்சள் நிற உலோகம்.
வைரக்கட்டுத் தோடு, சோடி ஒன்று.
கல் நிறை கழிவு.

முகாமையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கட்டு எண்டால்?"
"வேலைப்பாடு, சேர். கல்லில்லை."
பொய்யில்லை. அவருக்கும் பசி.
ஒப்பமிட்டார்.

பவளராணி நாலாயிரம் குறைவாக வந்த காசை
எண்ணாமல் வைத்தார்.
துண்டை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.
பிறகு விரல் நகத்தால் அழுத்தி
'வைர' என்ற இடத்தில்
சரியாக மடித்தார்.

உரைகல்லைத் துடைத்தேன்.
அவருடைய கோடு போக
கொஞ்ச நேரம் எடுத்தது.