ஈரக் கழிவு

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை.
கிருபாவின் நெற்றியில் போட்ட ஈரத்துணி
சொல்லி வைத்தாற்போல் காய்ந்து விழுந்தது.
கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்து ஐந்து வாரம்.
இங்கே எங்களுக்குத் தெரிந்தவர்கள்
வாடகை வாங்குபவரும் பால் ஊற்றுபவரும்.

இருவரும் ஒரே ஆளைச் சொன்னார்கள்.
"மார்க்கெட் முக்குல பச்சை ஷட்டர்.
கைராசிக்காரர்.
ஒரே ஊசி, மறுநாள் பிள்ளை ஓடும்."

நான் தேயிலை ஆலையில் இலை நிறுப்பவன்.
மூட்டை மேடை ஏறும் முன்
முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று
குனிந்து பார்ப்பவன்.
மழை நாளில் நூறு கிலோவுக்கு இத்தனை என்று
ஈரக் கழிவு எழுதி
தோட்டக்காரர்களிடம் ஏச்சு வாங்குபவன்.
கைராசியை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பச்சை ஷட்டருக்கு மேல் பெயர் இருந்தது.
பெயருக்குப் பின்னால் எழுத்துகள்
கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
பதிவு எண் மட்டும் இல்லை.
கேட்டேன்.
அவர் கோபப்படவில்லை.
"நம்பரைப் பாத்தா காய்ச்சல் இறங்குமா தம்பி?"
பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
சரோமணி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றி
மழைக்குள் இறங்கிவிட்டாள்.

இன்னொரு பலகை, மருந்துக்கடை மாடியில்.
சுசீலா ஜோகி, குழந்தைகள் நலம்.
அடியில் எண், ஐந்து இலக்கம்.
கடைசி இலக்கத்தில் பாசி ஏறி
மூன்றா எட்டா
தெரியவில்லை.

சிக்னல் தண்ணீர்த்தொட்டி வளைவில்தான் கிடைக்கும்.
குடைக்காம்பைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
கவுன்சில் பதிவேட்டில்
மூன்று போட்டுப் பார்த்தேன்.
நாகர்கோவில் பக்கம் ஒருவர் வந்தார்.
பக்கத்தில் 'காலமானார்' என்றிருந்தது.
முன்பின் அறியாத அந்த மனிதருக்காக
ஒரு நொடி சும்மா நின்றேன்.
எட்டு போட்டேன்.
வட்டம் சுற்றியது.
மூடுபனி வந்து தொட்டியை எடுத்துக்கொண்டு போனது.
வட்டம் சுற்றியது.
பிறகு
ஜோ. சுசீலா, பட்டம் வாங்கிய வருடம்,
ஆறு வருடம் கழித்து
குழந்தை மருத்துவத்தில் இன்னொன்று.

"உங்க நம்பரைத் தேடிப் பாத்துட்டுத்தான் வந்தோம், டாக்டர்.
தப்பா நினைக்காதீங்க."
ஏன் சொன்னேனோ.
ஒப்பிட்டுப் பார்த்ததைச் சொல்லாவிட்டால்
கணக்கு எழுதுகிறவனுக்குத் தூக்கம் வராது.
அவர் காதுக்குழலைக் கழற்றாமலே
"நல்லது" என்றார்.
"இப்ப நான் பாக்கணும். தடுப்பூசி அட்டை எங்கே?"

ஒரு விரல் அட்டையில் வரிவரியாய் இறங்கி
ஒன்பதாம் மாதத்தில் நின்றது.
அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது.
"இது?"

அந்த வாரம் இலை வரத்து அதிகம்.
நான் லீவு கேட்கவில்லை.
என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக
சரோமணி சுவரில் இருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தாள்.

டாக்டர் திட்டவில்லை.
இடது காதில் விளக்கடித்தார்.
"சீழ் புடிச்சிருக்கு. அதான் காய்ச்சல்.
சரியானதும் விட்டுப்போன ஊசி, அடுத்த புதன்,
நீங்களே கூட்டிட்டு வரணும்" என்றார் என்னிடம்.
"மருந்து எடைக்குத் தக்கன. தராசுல வைங்க."

பிள்ளையை இறக்கும் முன்
குனிந்துவிட்டேன். பழக்கம்.
"ஐம்பது கிராம் கூடக் காட்டுது, டாக்டர்."

அவரும் குனிந்தார்.
"எத்தனை நாளாவோ" என்றார், எனக்கில்லை, தனக்கு.
அடித்திருகில் நான் கை வைக்கவில்லை,
அது என் தராசில்லை.
அவர் திருகினார்.
"இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்றேன்.

கிருபா ஏறினாள்,
மார்க்கெட் வரைக்கும் கேட்க அழுதாள்.
நனைந்த காலுறைகளோடு
எட்டு கிலோ அறுநூறு.
காலுறைக்கு நான்
எதுவும் கழிக்கச் சொல்லவில்லை.