தேறல்

லாங்கென்தால். மூன்று மாடி வீடு. அதன் அடியில்
ஒரு சாண் கனத்த கொங்கிறீற் கதவு.
அணுகுண்டு விழுந்தால் ஒதுங்குவதற்கென்று
சட்டப்படி கட்டிய நிலவறை.
விழாத காலத்தில் அங்கே
திருமதி ஸௌக்கின் பனிச்சறுக்குப் பலகைகள்,
யாருடையதென்று தெரியாத ஒரு தொட்டில்,
என் நாற்பத்திரண்டு போத்தல்கள்.

எல்லாம் ஷாம்பெய்ன் போத்தல்கள்.
பேர்ணில் ஒரு கலியாணம் முடிந்த இரவு
மண்டபத்தின் பின்கதவில் பொறுக்கியவை.
பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் பொறுக்க
குகநேசன் காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
அவன் குடிப்பதில்லை. சுமப்பான்.

ஐப்பசியில் காய்ச்சினேன்.
பெல்ஜியத்துத் துறவிகள் காய்ச்சுகிற கறுத்த வகை,
ஒன்பதரை வீதம்.
சீனியைப் பாகாக்கி, கருகப்போகிற ஓரத்தில் இறக்கி.
அடைக்கிற நாளில் லீற்றருக்கு ஏழு கிராம் சீனி,
களைத்த ஈஸ்டுக்குத் துணையாகப் புது ஈஸ்ட் ஒரு சிட்டிகை,
தக்கை, தக்கைக்கு மேல் கம்பி.
பிறகு நேரே கீழே, பன்னிரண்டு பாகைக் குளிருக்குள்.
அதுதான் பிழை.

மூன்றாம் வாரம் ஒன்றைத் திறந்தேன்.
தக்கை ஒரு சத்தமுமில்லாமல் கையோடு வந்தது.
நுரையில்லை. இருமல் மருந்து.
"இது தேறாது" என்றாள் மச்சாள், மூக்கைச் சுளித்து.

தேறாது.
வேலையில் நான் சொல்லக்கூடாத சொல்.
இரவுப் பணி, சிறுநீரகப் பிரிவு.
கட்டிலோரம் நிற்பவர்கள் எந்த மொழியில் கேட்டாலும்
அதைத்தான் கேட்கிறார்கள்.
நான் தலையணையைச் சரிசெய்வேன்.

நோயாளி தேறுவது, பிள்ளை சோதனையில் தேறுவது,
அழுதவள் தேறுவது,
கள் தெளிந்து தேறல் ஆவது,
எல்லாம் ஒரே வேர் என்று
போத்தலை விளக்குக்கு எதிரே பிடித்தபோதுதான் பட்டது.
கலங்கிக் கிடந்தது.

பொறுக்க முடியவில்லை. ஆறு போத்தலைத் திறந்து
ஆளுக்கொரு கரண்டி சீனி கூடப் போட்டு
சிவப்பு நாடா ஒட்டினேன்.
ஏழாவதில் குகநேசன் கையைப் பிடித்தான்.
"அதுக்குக் குளிருதாக்கும்."
அவ்வளவுதான் சொன்னான். எல்லாவற்றையும் மேலே சுமந்து
சோபாவுக்குப் பின்னால், ஹீற்றர் ஓரம்,
என் பழைய கம்பளியால் போர்த்தி வைத்தான்.
மார்கழி முழுக்க அந்த அறையில்
நாங்கள் மெல்லத்தான் பேசினோம், ஏனென்று தெரியாமல்.
தை பிறந்ததும் திரும்பக் கீழே.

ஆவணியில் ஒரு பின்னேரம் நிலவறை வெடித்தது.
ஒன்று. பிறகு அடுத்தடுத்து ஐந்து.
திருமதி ஸௌக் படிக்கட்டில் நின்று
பொலிசுக்கு அடிக்கட்டுமா என்று கத்துகிறாள்.
நாங்கள் இரண்டு பேரும்
சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருக்கிறோம்.
எப்படி அங்கே போனோம்?
விரலில் இன்னும் சோறு.

அவன்தான் முதலில் எழும்பினான்.
அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனவன்
வெகுநேரம் கழித்து வந்து கடைசிப் படியில் குந்தினான்.
காற்சட்டை முழங்கால் வரை நனைந்து.
உள்ளங்கையை நக்கிப் பார்த்தான், குடிக்காதவன்.
"சீனி" என்றான்.
"சீனிதான்."

ஆறும் சிவப்பு நாடா.
ஸௌக் அம்மாவின் பலகைகள் அந்தப் பனிக்காலம்
முந்திரிகைவற்றல் மணத்தோடு மலையேறின.

மிச்சம் முப்பத்தைந்து.
வருடம் திரும்பிய ஒரு விடியல், பணி முடிந்து வந்து
ஒன்றை எடுத்தேன். கம்பியை ஆறு முறுக்குத் தளர்த்தினேன்.
தக்கை, மூச்சைப் பிடித்திருந்த ஆள் மாதிரி, விட்டது.
அடியில் விரலளவு மண்டி. அசைக்காமல் சரித்தேன்.
நுரை ஏறியது. ஏறி, நின்றது.
அத்திப்பழம், கிராம்பு, தொண்டைக்குள் ஒரு சூடு.

பதினொராம் கட்டில்காரர் அன்று வீட்டுக்குப் போகிறார்.
ஒன்பதாம் கட்டிலில் புது விரிப்பு.
இரண்டுக்கும் ஒரே மருந்துதான் ஏற்றினோம்.

குகநேசன் வெறும் போத்தலை வாங்கி
மண்டி போக மூன்று தரம் அலசி
அடுத்த காய்ச்சலுக்கென்று
தலைகீழாய்க் கவிழ்த்து வைத்தான்.