பன்னிரண்டு நாள் குறையுது

தம்பிலுவில். மார்கழி அடைமழை.
வட்டைக்குள் வெள்ளம்.
கிராம சேவகரின் கையெழுத்துக்கு
ரெண்டாந்தரமும் வந்து நிற்கிறேன்.

முதல் எடுத்த பொலிஸ் றிப்போட்
சித்திரையோடு செத்துப்போச்சு.
அவர் எழுதிய ஆங்கிலச் சோதனைக்கும்
ஆயுள் ரெண்டு வருசம்தானாம்.

இறைச்சித் தொழிற்சாலையில் அவர்
எலும்பு கழற்றிய நாட்களைக் கூட்டினால்
முந்நூற்று ஐம்பத்து மூன்று.
ஒரு வருசம் வேணும்.

குறையிற பன்னிரண்டும் எங்கே என்று
எனக்குத் தெரியும்.
சின்னவனுக்கு டெங்கு.
கல்முனை ஆஸ்பத்திரியில்
நான் உள்ளே, கட்டிலோரம்;
அவர் வராந்தாவில் பேப்பர் விரித்து,
நுளம்புக்குக் காலைக் கொடுத்துக்கொண்டு.
அங்கே அதற்குப் பெயர்
சம்பளமில்லா விடுமுறை.

பங்குனி வந்தால் அவருக்கு நாற்பது.
வயசுக்கான புள்ளி
இன்னும் இறங்கும்.
நேற்று வீடியோவில் சொன்னார்:
"இந்தமுறை கேக் கீக் வாங்கிப்போடாத."
சிரித்தோம். பிறகு
லைன் இருந்தும் பேசாமல் இருந்தோம்.

கிராம சேவகர் கேட்கிறார்,
"புருசன் நிரந்தரமா எங்க இருக்கார்?"

லேசான கேள்வி.
படிவத்தில் ஒரு கட்டம்தான்.
நான் பேனையை உதறுகிறேன்,
மை வராததுபோல.